வலது பக்கக் கடைசி முளை

ஜனவரி 8, திங்கள்

இன்றோடு மாடல் போடும் வேலையை வெளியே கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக க்ளினிக்கின் பின்னறையில் நானே செய்துவந்தது. தாடையில் பதித்த இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டியதும், ஒவ்வொன்றின்மேலும் ஓர் உலோக முளையைத் திருகி, ரப்பர் பசையால் வாயை அளவெடுக்க வேண்டும். முளைகள் அந்த அளவோடு சேர்ந்து வெளியே வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் நோயாளியின் தாடை அப்படியே மேசைமேல் நிற்கும். அதுதான் மாடல். அதை வைத்துத்தான் கோயம்புத்தூர் லேபில் பல் செய்வார்கள். மாடலில் ஒரு முளை மயிரிழை மேலே நின்றாலும் பல் வாயில் உட்காராது.

இனி மாடலையும் அதே லேபே போட்டுக்கொள்ளும். ஒன்றுக்கு ஆயிரத்து நூறு ரூபாய், பஸ் பார்சல் தனி. நானே போட்டால் நானூறில் முடியும். ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு மணி நேரம் போகிறது. அந்த நேரத்தில் நான்கு பேரைப் பார்க்கலாம். காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

ஜரீனாவுக்கு சந்தோஷம். பதினோரு வருடமாக என்னோடு இருக்கும் உதவியாளர். "இனி சிங்க் அடைக்காதுங்க டாக்டர். பிளாஸ்டர் கலக்கிட்டு நீங்களும் கைய உதற வேண்டியதில்ல" என்றாள். அந்த ரப்பர் கிண்ணம் பழசாகி இறுகிவிட்டது, அதனால்தான் உதறுகிறேன் என்று சொன்னேன்.

பதினொரு மணி பஸ்ஸில் முதல் பார்சல் போனது.

ஜனவரி 12, வெள்ளி

முதல் மாடல் வந்தது. நான் போடுவதைவிடச் சுத்தம். ஒரு காற்றுக்குமிழி இல்லை. ஈறு இருக்கும் இடத்தில் இளஞ்சிவப்பு ரப்பர்கூட வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் ஏன் கஷ்டப்பட்டேன் என்று இருந்தது.

மத்தியானம் லேபிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். அமலோற்பவம், மாடல் பிரிவுக்குப் பொறுப்பாம். "மேடம், அளவு எடுக்கறதுக்கு முன்னாடி முளை முழுசா உக்காந்துருச்சான்னு எக்ஸ்ரே பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. முளை உட்காருவது விரலுக்கே தெரியும். பன்னிரண்டு வருடப் பழக்கம். அவரிடம் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பானையை இறக்கும்போது கை நழுவிவிட்டது. சூடு. பாதிப் பொங்கல் மிஞ்சியது, போதுமானதாக இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

சென்னியப்பனுக்கு அளவெடுத்தேன். மூலனூர் முருங்கைக்காய் சந்தையில் ஏலம் கூவுகிறவர், வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரையில் கீழ்ப்பல் எல்லாம் போய், போன செப்டம்பரில் நான்கு இம்ப்ளான்ட் வைத்தேன். நிலையான பல் வரும்வரைக்கும் என்று கொடுத்த கழற்றும் பல்செட் அவருக்கு ஒத்துவரவில்லை.

"டாக்டரம்மா, 'இருபத்தெட்டு'ன்னு கூவுனா செட்டு எந்திரிச்சு நாக்கு மேல உக்காந்துக்குதுங்க. யாவாரிங்க சிரிக்கறாங்க. போன வாரம் முப்பத்தாறுன்னு சொன்னது ஒருத்தருக்கு முப்பதுன்னு கேட்டுப்போய் ஒரே ரகளை. இப்ப கந்தனுங்கற பையன வெச்சு ஏலம் உட்டுப் பாக்கலாமான்னு பேசறாங்க."

"மாசிக்குள்ள நிலையான பல்லு வந்துரும்ங்க."

"வந்துருமுங்களா? மாசி பொறந்தா காய் வரத்து சாஸ்தி. அப்ப நான் அங்க நிக்கோணும்."

நான்கு முளைகளையும் திருகினேன். வலது பக்கக் கடைசி முளைக்கு மணிக்கட்டை நன்றாக மடக்க வேண்டும். ஜரீனா குனிந்து, "நான் ஒரு சுத்து இறுக்கிப் பாக்கட்டுங்களா?" என்றாள். நோயாளி முன்னால் இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்காது. வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். மாலையில் டீ வாங்கி வந்தபோது எனக்குப் பிடித்த இஞ்சி முறுக்கையும் வாங்கி வந்திருந்தாள்.

ஜனவரி 25, வியாழன்

அமலோற்பவம் மறுபடியும் பேசினார். சென்னியப்பன் மாடல் தயாராம். "ஆனா மேடம், வலது கடைசி கொஞ்சம் மேல நிக்கற மாதிரி இருக்கு. நாலையும் சேத்து ஒரு சோதனைக் கம்பி செஞ்சு அனுப்பறேன். வாயில வெச்சுப் பாருங்க. அது ஆடாம உக்காந்தா மாடல் சரி. உக்காரலைன்னா இப்பவே தெரிஞ்சுரும், பல்லு செஞ்சப்புறம் தெரியறதுக்குப் பதிலா."

அதற்குத் தனிக் கட்டணம், மூன்று நாள் தாமதம், சென்னியப்பன் இன்னொரு தடவை மூலனூரிலிருந்து வர வேண்டும். வேண்டாம், நேராகப் பல்லைச் செய்யுங்கள் என்றேன். வேலையை வெளியே கொடுத்ததே வசதிக்காக.

ஜனவரி 30, செவ்வாய்

காலையில் எழும்போது வலது கைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மரத்திருந்தன. கையை அடியில் வைத்துத் தூங்கியிருப்பேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 5, திங்கள்

செட் உட்காரவில்லை.

இடது பக்கம் அழகாக உட்கார்ந்தது. வலது கடைசியில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விரலால் அமுக்கினால் ஆடுகிறது. சென்னியப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மனைவி சரசாளும் (சரஸ்வதி) கூட வந்திருந்தார். கண்ணாடியை ஜரீனாவிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்த சென்னியப்பன், நான் செட்டை வெளியே எடுத்ததும் அதை மடிமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னாச்சுங்க?"

"லேப்ல மாடல் தப்பாப் போட்டுட்டாங்க. திருப்பிச் செய்யச் சொல்றேன்."

"அவிய செஞ்ச தப்புக்கு நாம என்ன பண்றது, உடுங்க" என்றார் சென்னியப்பன். அப்போதே மறுபடி அளவெடுத்தேன். லேபுக்கு போன் போட்டுச் சத்தமாகவே பேசினேன், அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி. உரிமையாளர் சிவநேசன் மன்னிப்புக் கேட்டார். மறு செலவு அவர்களுடையது.

பிப்ரவரி 7, புதன்

விசாகன் இன்று சப்பாத்தி மாவு பிசைந்தார். கல்யாணமாகி பதினெட்டு வருடத்தில் முதல் முறை. திடீரென்று ஆசையாக இருந்ததாம். ஊறுகாய் பாட்டில்களின் மூடியை எல்லாம் லேசாகத் திறந்து வைத்துவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். எண்ணெய் வழிந்து அலமாரியில் கறை.

பிப்ரவரி 10, சனி

அமலோற்பவம் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டார்.

"மேடம், அஞ்சு நிமிஷம் பேசலாமுங்களா? லேப்ல இருந்து பேசல. வீட்ல இருந்து பேசறேன்."

சொல்லுங்கள் என்றேன்.

"சென்னியப்பன் ரெண்டாவது அளவும் பாத்தேன். அதே இடம், அதே அளவு தூக்கிட்டு நிக்குது. ஜனவரில இருந்து உங்க கேஸ் பதினொண்ணு என் கைக்கு வந்துருக்கு. இடது பக்கம், முன்பக்கம் எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. வலது பின்னாடி இருந்தா மட்டும் முளை முழுசா இறங்கறதில்ல. ஒத்தைப் பல்லா இருந்தா நாங்க உயரத்தக் குறைச்சுச் சமாளிச்சிருவோம். மூணு தடவ அப்படித்தான் பண்ணி அனுப்புனேன். அதச் சொல்லாம அனுப்பினது என் தப்பு. நாலு சேந்த கேஸ்ல அது நடக்காது. இந்த அளவ வெச்சு நான் மாடல் போட மாட்டேன் மேடம்."

போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வலது கைக்கு ஏதாச்சும்... எனக்கு வந்துச்சுங்க. மாடல் தேச்சுத் தேச்சு மணிக்கட்டுல நரம்பு அமுங்கிப் போச்சு. திருகுனதா நாம நெனச்சுக்குவோம், ஆனா திருகியிருக்க மாட்டோம். விரலுக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டேன். மாடல் போடுகிறவர் டாக்டருக்கு வைத்தியம் பார்க்கிறார். அதிகப்பிரசங்கி.

பிப்ரவரி 12, திங்கள்

சிவநேசனிடம் பேசினேன். பணம் கொடுக்கிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். என் வேலையை வேறு யாரையாவது வைத்துச் செய்யுங்கள், இல்லையென்றால் சென்னையில் இதைவிடக் குறைந்த விலைக்குச் செய்கிறார்கள் என்றேன்.

"இனி உங்க கேஸ் எதையும் அவங்க தொட மாட்டாங்க மேடம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

சாதாரணமாகத்தான் பேசினேன். சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 17, சனி

இரண்டாவது செட் வந்துவிட்டது. யாரும் போன் செய்யவில்லை, எதுவும் கேட்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை சென்னியப்பனை வரச் சொல்லியிருக்கிறேன். மாசி பிறந்து ஐந்து நாள் ஆகிறது. சந்தையில் கந்தன்தான் கூவுகிறானாம்.

பிப்ரவரி 19, திங்கள்

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

செட் அதே இடத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. திருகினால் இறங்கிவிடும் என்று முடிவு செய்தேன். அப்படி இறக்கக்கூடாது என்பது மூன்றாம் வருட மாணவிக்கே தெரியும். சின்ன ஸ்க்ரூ டிரைவர், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதில் நூல் கட்டிக்கொண்டுதான் வாய்க்குள் கொண்டுபோவது வழக்கம். நேற்று கட்டவில்லை. வலது கடைசி ஸ்க்ரூவைத் திருகினேன். சென்னியப்பன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். இன்னும் ஒரு சுற்று. விரலில் டிரைவர் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது நாக்கின் பின்பக்கம் விழுந்து தொண்டையை நோக்கிச் சரிந்தது.

நான் உறைந்துவிட்டேன். ஜரீனா அவர் தலையை ஒரே தள்ளாகப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு விரலை உள்ளே விட்டு அதை எடுத்தாள். எல்லாம் மூன்று விநாடி இருக்கும். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

எழுந்து உட்கார்ந்து இருமினார். கண்ணில் தண்ணீர். "என்னுங்க அது, தொண்டக்குள்ள என்னமோ போச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். செட் இன்னும் சரியாகவில்லை, போன் செய்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஜரீனா கதவைச் சாத்தினாள். குழாயடியில் நின்று டிரைவரைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"நான் படிக்காதவ டாக்டர். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். தீவாளியில இருந்து உங்க கைல இருந்து சாமான் விழுகுது. கண்ணாடி, பஞ்சு, பேனா. நான் எடுத்து எடுத்து வெச்சிட்டு இருக்கேன். பிளாஸ்டர் வேலைய வெளிய குடுத்தப்ப, சரி, டாக்டருக்கே தெரிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கு அவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா அவர் பொண்டாட்டிகிட்ட நானும்தான் பதில் சொல்லணும். போய் டாக்டர்கிட்ட கைய காட்டுங்க. காட்டலைன்னா நாளைல இருந்து நான் வரல."

அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. நேற்றும் உயர்த்தவில்லை.

தீபாவளியிலிருந்து இல்லை. ஆயுத பூஜையிலிருந்து. இதை இன்று வரை எங்கும் எழுதவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

கோயம்புத்தூர். விசாகன் லீவு போட்டுக் கூட வந்தார். கை நிபுணர் மணிக்கட்டில் தட்டிப் பார்த்தார், ஊசி குத்தி நரம்பைச் சோதித்தார். இரண்டும் எனக்குத் தெரிந்த பரிசோதனைகள். வலது மணிக்கட்டில் நரம்பு நன்றாக நெரிந்திருக்கிறது. மருந்துக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆபரேஷன்தான். "எத்தன மாசமாங்க?" என்று கேட்டார். நான்கு என்றேன். விசாகன் என்னைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து லேபுக்குப் போனோம். நான்கு வருடமாக வேலை கொடுக்கிறேன், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. மாடியில் பத்துப் பதினைந்து பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டிய மேசையில் ஒரு பெண்மணி அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டி ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். குரலை வைத்துத்தான் அமலோற்பவம் என்று தெரிந்தது.

"மாடல் பிரிவுல இல்லீங்களா?"

"இல்லீங்க. பேக்கிங்ல போட்டுருக்காங்க. இதுலயும் ஒண்ணும் கஷ்டமில்ல மேடம், அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிரலாம்." சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

சிவநேசன் ஓடி வந்து நாற்காலி போட்டார். உட்காரவில்லை. எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "அவங்க சொன்னது சரி. தப்பு என் கைல இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சும் உங்ககிட்ட அவங்களப் பத்திப் புகார் பண்ணேன். அவங்கள பழைய இடத்துல வையுங்க. என் கேஸ் எல்லாம் அவங்கதான் பாக்கணும்."

"அதுக்கென்ன மேடம், நாளைக்கே..." என்றார் சிவநேசன்.

"இன்னைக்கே வையுங்க" என்றார் விசாகன். இன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

அமலோற்பவம் என்னை உள்ளே கூட்டிப் போனார். சென்னியப்பனின் இரண்டு மாடல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் வலது கடைசி, ஒரே அளவு, ஒரு தாள் கனம், மேலே நின்றது. அவருடைய வலது மணிக்கட்டில் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு.

பின்னறையில் நானே மாடல் போட்டுக்கொண்டிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 26, திங்கள்

சென்னியப்பனையும் சரசாளையும் வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முளை, கை, அமலோற்பவத்தைப் பற்றிச் செய்த புகார், போன திங்கட்கிழமை தொண்டைக்குள் போனது என்ன என்பது வரை.

சென்னியப்பன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அப்ப அன்னைக்கு எங்க முன்னாடி போனுல கத்துனீங்களே, அது?" என்றார்.

"அது பொய்ங்க."

"அந்தம்மாவத் திட்டிட்டு, எங்கிட்ட லேப்காரன் தப்புன்னீங்க. நானும் நம்பிட்டு சந்தையெல்லாம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன். எம்பட எடத்துல இன்னைக்கு ஒரு சின்னப் பையன் நின்னு கூவறான்." சரசாள் அவர் கையைத் தொட்டார். அவர் உதறிவிட்டார். "நீ சும்மா இரு. அது எந்தொண்டைல சிக்கியிருந்தா இவிய என்ன பண்ணியிருப்பாங்க?"

மீதி வேலை முழுக்க என் பொறுப்பு, இனி எதற்கும் பணம் தர வேண்டாம், பல்லடத்திலிருந்து டாக்டர் இளம்பரிதி வந்து அளவெடுப்பார் என்றேன். வேறு டாக்டரிடம் போவதென்றாலும் எல்லாக் குறிப்பும் எக்ஸ்ரேயும் தந்துவிடுகிறேன் என்றேன்.

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று எழுந்து போனார். வாசலில் நின்று சரசாள், வெள்ளிக்கிழமை தான் போன் செய்தால் வருகிறோம் என்று அர்த்தம் என்றார்.

மார்ச் 1, வெள்ளி

சரசாள் போன் செய்தார்.

மார்ச் 5, செவ்வாய்

இளம்பரிதி அளவெடுத்தார். நான் எதிர்ப்பக்கம் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயை இடது கையால் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முளைக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். இளம்பரிதி என்னைவிடப் பத்து வயது சின்னவர். வலது கடைசியில் அவர் கை நிற்கும் நிதானத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இருந்ததை எழுதுகிறேன்.

மார்ச் 9, சனி

சோதனைக் கம்பி வந்தது. அறுநூறு ரூபாய், மூன்று நாள். வாயில் வைத்ததும் ஆடாமல் உட்கார்ந்தது. இளம்பரிதி தலையை ஆட்டினார். சென்னியப்பன் யாரையும் பார்க்கவில்லை. அமலோற்பவத்துக்கு போனில் சொன்னேன். "அப்ப சரிங்க மேடம், பல்லு செய்யச் சொல்லிடறேன்" என்று உடனே வைத்துவிட்டார். அவருக்கு நிறைய வேலை.

மார்ச் 15, வெள்ளி

செட் உட்கார்ந்துவிட்டது. நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் இறங்கியது. ஜரீனா கண்ணாடியைக் கொடுத்தாள். சென்னியப்பன் அதை ஒதுக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பத்திலிருந்து நாற்பது வரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். வெளியே காத்திருந்த ஒரு குழந்தை பயந்து அழுதது.

எனக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன்.

மார்ச் 27, புதன்

இடக்கையில் எழுதுகிறேன். கோணலாக வருகிறது. தையல் பிரித்தாயிற்று. விரல் மரப்பு குறைந்திருக்கிறது. கட்டைவிரல் பலம் முழுதும் திரும்புமா என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும், திரும்பாமலும் போகலாம் என்கிறார் கை நிபுணர். அமலோற்பவத்துக்கு ஸ்பூன் பிடிக்கவே ஐந்து வாரம் ஆனதாம். அவசரப்படாதீங்க என்றார்.

ஏப்ரல் 20, சனி

இந்த வாரத்திலிருந்து க்ளினிக்குக்குப் போகிறேன். பல் பார்ப்பது, மருந்து எழுதுவது, சின்ன அடைப்புகள். இம்ப்ளான்ட் வேலை முழுக்க இளம்பரிதிதான், புதன்கிழமைகளில் வருகிறார். அவருக்கு ஆகும் செலவையும் லேப் செலவையும் சேர்த்தால் இந்த வருடம் எனக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது.

மத்தியானம் சென்னியப்பன் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை நிறைய முருங்கைக்காய். ஜரீனாவிடம் கொடுத்தார், என்னிடம் இல்லை. "அன்னைக்கு விரல உட்டு எடுத்தியே ஆத்தா, அதுக்கு" என்றார்.

பிறகு என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பல்லுக்கு ஒரு கொறையுமில்லீங்க. நேத்து மூணு மணி நேரம் நின்னு கூவுனேன், இம்மி அசையல. கந்தன் இப்ப எனக்கு எழுதற ஆளா நிக்கறான்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க மேல இருக்கற கோவம் எனக்கு இன்னும் போகலீங்க. சொல்லாம இருக்கறது சரியில்ல, அதனால சொல்றேன்."

"சரிங்க."

"சரசாளுக்கும் மேல ரெண்டு பல்லு வெக்கோணும். வேற எங்கயாச்சும் போலாம்னேன். அவ இங்கதான் வருவேங்கறா. உண்மையச் சொன்ன டாக்டர்கிட்டத்தான் போகோணுமாம். நான் என்ன சொல்றதுன்னா, அந்தப் பல்லடத்து டாக்டர் வர்ற அன்னைக்கா பாத்துச் சொல்லுங்க. கைய வெக்கறது அவரா இருக்கோணும்."

"அவர்தான் வெப்பாருங்க."

"நீங்க பக்கத்துல நில்லுங்க. ஆனா கைய வெக்காதீங்க."

மேசையிலிருந்த சீட்டை எடுத்து நானே எழுதினேன். சரஸ்வதி, புதன், காலை பத்து மணி. டாக்டர் பெயர் என்ற இடத்தில் இளம்பரிதி என்று எழுதினேன். வலது கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுத நேரமானது. அவர் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, சீட்டை வாங்கி, டாக்டர் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.